பூஜ்யத்தில் தொடங்குகிறவர்கள்

'முன்முடிவு எதுவுமின்றிப் பிரதியை அணுகுகிறேன்' என்று எழுதும் விமர்சகரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உதகை முத்தோரைச் சரிவில் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி ஞாபகம் வருகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று உருவாக்க, 1970ல் இயங்கத் தொடங்கியது. ரேடியோ அலை உமிழும் ஒரு தொலைதூரப் பொருளை நிலவு மறைக்கும்போது அலை எப்படித் தேய்கிறது என்பதை வைத்து அப்பொருளின் கோண அளவைக் கணித்தார்கள். 'நேரடியாகப் பார்த்தது' என்று எதுவுமில்லை. இரைச்சலோடு வந்த ஒரு கோடு, அதிலிருந்து ஊகம்.

ஊகத்துக்கு ஒழுங்கு கேட்பது பேய்ஸ் முறை. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இறந்தபின் 1763ல் அவர் கட்டுரை வெளியானது. அதிலிருந்து வளர்ந்த முறையின் சாரம் இவ்வளவுதான்: தரவு வருமுன் நீ எதை எவ்வளவு நம்பினாய் என்று எண்ணாக எழுதி வை, வந்தபின் திருத்து.

எம்87 மண்டலத்தின் மையக் கருந்துளையை 2017 ஏப்ரலில் உலகின் சில இடங்களிலிருந்து ஒருசேர நோக்கினார்கள். தொலைநோக்கிகள் குறைவு, கிடைத்த அளவைகளுக்குப் பொருந்தும் படங்களோ எண்ணற்றவை. முன்அனுமானமின்றி ஒன்றைத் தேர முடியாது. ஆகவே நான்கு குழுக்கள், ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாமல், படம் வரைந்தன. தட்டைக் கொடுத்தால் தட்டு வருகிறதா, வளையமாகத் திரிகிறதா என்று போலித் தரவால் சோதித்தார்கள். பேய்ஸ் முறையில் மாதிரிகளைப் பொருத்தியும் அளந்தார்கள். 2019ல் அறிவித்த வளையத்தின் விட்டம் சுமார் 42 மைக்ரோ விகலை. ஒரு பாகையில் 360 கோடி மைக்ரோ விகலைகள்!

இம்முறையில் ஒரு பொறி உண்டு. தொடக்க எண் பூஜ்யமென்றால், எந்தத் தரவால் பெருக்கினாலும் விடை பூஜ்யம்தான்.

அம்பத்தூரில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டைப் பார்த்தார், அட்வான்ஸுக்குத் தலையாட்டினார். அப்புறம், "தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" சொன்னேன். "எனக்கு அதெல்லாம் கிடையாதுங்க. வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்." இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலும். அவரிடம் தரவுக்கு என்ன பஞ்சம்? நான் பூஜ்யத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

தலித் எழுத்தில் 'கலை கூடிவரவில்லை' என்று முதல் பக்கத்திலேயே கண்டுபிடிக்கும் விமர்சகரும் இதே வீட்டுக்காரர்தான். 'அதெல்லாம் கிடையாது' என்பதுதான் நடுநிலை என்னும் சொல்லாடலின் மொத்த உள்ளடக்கம். பேய்ஸ் முறை யாருடைய முன்முடிவையும் நியாயமாக்கிவிடாது. வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறது, எதிராளி கேள்வி கேட்க வசதியாக.

உங்கள் எண்ணை முதலில் சொல்லுங்கள் அய்யா. பூஜ்யமென்றால் படித்ததாகப் பாவனை வேண்டாம்.