பேச்சிழந்த மனிதர்கள்

குரங்கு பேசுவது நமக்குப் பெரிய அதிசயமல்ல. இராமாயணம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அனுமனுடைய பெருமையில் பாதி அவன் பேச்சில்தான் இருக்கிறது. ஆனால் குரங்கு பேசுகிற உலகத்தில் மனிதன் ஊமையாகிவிட்டான் என்றால் அது வேறு சங்கதி. பிரெஞ்சு நாவலாசிரியர் பியேர் பூல் 1963இல் எழுதிய நாவலுக்கு ஆதாரம் அந்தக் கற்பனைதான்.

அதை வைத்து ஹாலிவுட்டில் 1968 முதல் பல படங்கள் வந்தாயிற்று. 2011, 2014, 2017 ஆண்டுகளில் வந்த மூன்றும் தனிக் கதை. ஸீஸர் என்ற சிம்பன்ஸியின் பிறப்பிலிருந்து சாவு வரையில். 2024இல் இன்னொரு படம் வந்ததென்றாலும், ஸீஸரின் கதை மாட் ரீவ்ஸ் இயக்கிய மூன்றாவது படத்தோடு முடிந்துவிடுகிறது.

குரங்குகளுக்கு அறிவைக் கொடுத்த மருந்தே மனிதர்களுக்குக் கொள்ளை நோயாகிவிட்டது. தப்பிப் பிழைத்தவர்களையும் அந்த நோய் இப்போது வேறு உருவத்தில் வந்து பிடிக்கிறது. உயிர் போவதில்லை, பேச்சுப் போகிறது. ஒரு கர்னல் இதற்குக் கண்ட பரிகாரம், பேச்சிழந்தவர்களைச் சுட்டுக் கொன்றுவிடுவது. தன் சொந்த மகனையும் அவன் விட்டுவைக்கவில்லை. அவனே இரவில் வந்து ஸீஸரின் மனைவியையும் மூத்த மகனையும் கொன்றவன். குலத்தை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுப் பழிவாங்கப் புறப்படுகிறான் ஸீஸர். தலைவன் இல்லாத குலம் பிடிபட்டு, கர்னலின் முகாமில் சோறு தண்ணீர் இல்லாமல் மதில் கட்டுகிறது.

வில்லன் தன் நியாயத்தை விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினால் கதை படுத்துவிடும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். இங்கே கர்னல் வெகுநேரம் பேசுகிறான். ஆனால் அலுப்புத் தட்டவில்லை. பேச்சுத்தான் மனிதன் என்று நம்புகிறவன் அல்லவா? எதிரில் குரங்குகள் கையசைவில் பேசிக்கொள்கின்றன. வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்ட ஒரு சிறுமி, வாய் பேசாதவள், காவலைத் தாண்டி வந்து கட்டுண்ட ஸீஸருக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். படத்தில் மனிதத்தன்மை முழுமையாகத் தெரிவது அவளிடத்தில்தான். கர்னலுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டாம்.

அவள் விட்டுப்போன துணிப்பொம்மை கர்னலிடம் சிக்குகிறது, நோயும் ஒட்டிக்கொள்கிறது. ஸீஸர் துப்பாக்கியோடு வந்து நிற்கும்போது கர்னலுக்குப் பேச்சில்லை. சுட்டுவிடு என்று ஜாடையால் கேட்கிறான். ஸீஸரால் முடியவில்லை. கர்னல் தன்னையே சுட்டுக்கொள்கிறான்.

கதாநாயகன் கையில் ரத்தம் படாமல் ஆசிரியர் சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டார் என்று ஓர் ஆட்சேபம் எழும். பாதி நியாயம். கர்னலை ஒழிக்க வந்த வடக்குப் பட்டாளத்தை ஒரு பனிச்சரிவு நிமிஷத்தில் மூடிவிடுகிறது. குரங்குகள் மட்டும் மரமேறித் தப்புகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டாளத்தை என்ன செய்வதென்று தெரியாத ஆசிரியரின் திண்டாட்டமும் அதில் தெரிகிறது. கர்னல் விஷயத்தில் இந்த ஆட்சேபம் செல்லாது. நோய் வந்தது விதியால் அல்ல, ஒரு குழந்தையின் கருணை வந்த வழியில். துப்பாக்கியும் ஸீஸர் கையில் இருந்தது. சுடுவதும் விடுவதும் அவன் தீர்மானம்.

அதைவிட முக்கியமாக, கருணைக்கு இந்தப் படம் கூலி கொடுப்பதில்லை. தொடக்கத்தில் ஸீஸர் உயிரோடு விட்ட சிப்பாய் ஒருவன்தான் கடைசியில் அவன்மேல் அம்பு எய்கிறான். அந்தக் காயத்தாலேயே ஸீஸர் சாகிறான். நல்லது செய்தவனுக்கு நல்லதே நடக்கும் என்ற சுலபமான ஆறுதலை நமக்குத் தராத இந்த நேர்மைக்காகப் பனிச்சரிவை மன்னித்துவிடலாம்.

ஸீஸராக நடித்த ஆன்டி செர்கிஸின் முகத்தைக் கம்ப்யூட்டர் ரோமத்தால் மூடியிருக்கிறார்கள். கண்களில் இருக்கும் துக்கம் மூடுபடவில்லை. ஏரிக்கரையில் அவன் சாயும்போது, பெரும்பாலும் கைகளாலேயே பேசிவந்த மாரிஸ் என்ற கிழ ஒராங்குட்டான் வாய் திறந்து பேசுகிறது. தகப்பன் யார் என்பதை இளைய மகன் அறிவான் என்று வாக்குக் கொடுக்கிறது. மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்தவர்களுக்கு அந்தச் சில வார்த்தைகளின் கனம் தெரியும்.