எட்டடி தூரத்தில் ஓர் இலேசான துவக்கு

1930 ஏப்ரல் 11. குமாயுன் மலையில், வறண்ட ஓடையின் மணலில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் இறங்கி நிற்கிறார். இடது கையில் வழியில் எடுத்த இரண்டு பக்கி முட்டைகள். வலது கையில், மார்புக்குக் குறுக்கே துவக்கு. தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தால் சௌகர் புலி எட்டடி தூரத்தில் படுத்தபடி அவரையே பார்க்கிறது. அதுவும் அதன் வளர்ந்த குட்டியுமாக அறுபத்து நான்கு பேரைக் கொன்றிருந்தன. துவக்கின் வாயோ வேறு திசையில் இருக்கிறது. கார்பெட் அதை ஒற்றைக் கையாலேயே, புலியின் கண் அசையாதபடி மெல்ல மெல்லத் திருப்புகிறார். முக்கால் வட்டம். கை முழுதாக நீண்டு கனம் தாங்காமல் தளரத் தொடங்கும் நேரத்தில் விசை அமுங்குகிறது. புலி எழவே இல்லை. முட்டைகளைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தார். அரை மணியில் தாய்ப்பறவை வந்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டது.

அன்று தனக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்றாகக் கார்பெட்டே எண்ணிச் சொல்வது அந்தத் துவக்கின் இலேசை. கனத்த இரட்டைக்குழல் துவக்கை அப்படி ஒற்றைக் கையில் சுழற்றியிருக்க முடியாது. அந்தத் துவக்கு ரிக்பி .275. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த முக்கால் வட்டம்தான்.

436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் புலியை 1907இல் வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் சர் ஜான் ஹெவெட் அவருக்குக் கொடுத்த பரிசு அது. அந்தச் செய்தியைப் பொறித்த வெள்ளித்தகடு இன்றும் அதன் கட்டையில் இருக்கிறது. 1955இல் கென்யாவில் கார்பெட் மறைந்த பிறகு, அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்ட் பதிப்பகத்தாரிடம் அது இருந்தது. 2015இல் செய்தவர்களிடமே திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு ரிக்பி நிறுவனத்தார் அதைக் குமாயுனுக்கே எடுத்துப்போய், கார்பெட் வாழ்ந்த ஊர் மக்களுக்குக் காட்டினார்கள். இப்படி ஒரு திரும்புதல் எத்தனை துவக்குகளுக்கு வாய்க்கும்?

நிறுவனமும் அலைந்து திரும்பியதுதான். 1775இல் டப்ளினில் தொடங்கி, லண்டனில் பேரெடுத்து, 1997இல் விலைபோய்க் கலிபோர்னியா சென்று, 2013இல் மறுபடி லண்டன் வந்து சேர்ந்தது. கார்பெட் காலத்துத் துவக்கின் வடிவிலேயே 'ஹைலண்ட் ஸ்டாக்கர்' என்று புதிதாக ஒன்றை 2017இல் வெளியிட்டார்கள். எட்டு இறாத்தலுக்குள் அடங்கும் கனம். வால்நட் கட்டையில் எண்ணெய் மட்டுமே ஊறியிருக்கும். வார்னிஷ் பளபளப்பு கிடையாது. கைப்பிடி வளைவு உருண்டு முடிகிறது. உள்ளே இருப்பது மவுசர் 98, ஜெர்மன் பொறியியலின் பழைய பெருமை.

அந்த மவுசர் போல்ட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதன் வலப்பக்கத்தில் நீளமாக ஓர் எஃகுக் கொக்கி படுத்திருக்கிறது. பெட்டியிலிருந்து ரவை மேலே எழும்பியதுமே அதன் விளிம்பைக் கொக்கி பற்றிக்கொள்கிறது. கொழுந்தெடுக்கிற விரல் தளிரின் காம்பைப் பிடிப்பதுபோல, நழுவவும் விடாமல் நசுக்கவும் செய்யாமல். குழலுக்குள் போய், வெடித்து, வெறும் கூடாக வெளியே விழும்வரை அந்தப் பிடி விடுவதில்லை. துவக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் ரவை கீழே விழாது. போல்ட்டின் முன்னால் இரண்டு பூட்டுப் பற்கள் போதுமானவை. ஆனாலும், உலோகம் என்றாவது கைவிட்டால் சுடுபவனின் முகம் தப்ப வேண்டுமே என்று பின்னால் மூன்றாவதாக ஒன்றை வைத்தார்கள். அந்த மூன்றாவது பல்லில்தான் எனக்கு மனம் நின்றுபோகிறது. ஒருமுறையும் தேவைப்படாமலே போகக்கூடிய ஒன்றுக்கு இவ்வளவு அக்கறை!

இனி ரவை. 1892இல் ஜெர்மனியில் பிறந்த 7x57 மவுசருக்கு ரிக்பி இட்ட பெயர்தான் .275. ஏழு மில்லிமீற்றரை அங்குலத்தில் சொன்ன கணக்கு அது. ரிக்பி விரும்பிய கூர்முனைச் சன்னம் 140 கிரெய்ன். நம் கணக்கில் ஒன்பது கிராம்.

இந்த ஒன்பது கிராமின் அருமை இலங்கையின் ஊவாக்காரருக்கு நன்றாக விளங்க வேண்டும். தெமோதரையில் ரயில் ஏறினால் உடுவரை, ஹாலிஎல, அடுத்தது பதுளை. அங்கே புனித மாற்கு தேவாலயம் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவாக எழுந்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், பாதைகள் போட்டவர். 1,400 யானைகளைக் கொன்றார் என்பது வழிவழியாக வரும் கணக்கு. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவருக்குப் பின் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கரிடம் பிரிஸ்டல் கிப்ஸ் செய்த துவக்கு ஒன்று இருந்தது. கனம் 21 இறாத்தல், குழல் 36 அங்குலம். ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் கருமருந்து, மூன்று அவுன்ஸ் ஈயக்குண்டு. ஈயம் மட்டும் 85 கிராம். அந்தக் காலத்துக் கருமருந்துக்கு வேகம் போதாது. குறையை எடையால் ஈடுகட்டினார்கள். புகையில்லா மருந்து வந்த பிறகு மெல்லிய, நீண்ட சன்னம் வேகமாகவும் நேராகவும் போய் ஆழத்தில் தைத்தது. ஆபிரிக்காவில் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளில் பெரும்பாலானவற்றை 173 கிரெய்ன் சன்னம் போட்ட இதே .275ஆல் வீழ்த்தினார். யானைகளின் அந்த எண்ணிக்கை எனக்கு வேதனையே தருகிறது. பதுளைக் கணக்கும் அப்படித்தான். ஆனால் மூளை எங்கே இருக்கிறது என்று அறிந்தவனுக்குப் பெரிய குண்டு வேண்டியதில்லை என்பதை அவர் காட்டிவிட்டார்.

இன்று நம் மலைகளில் சிறுத்தையைக் கொல்வது துவக்கு அல்ல, சுருக்குக் கம்பி. பன்றிக்கு என்று தேயிலை ஓரத்தில் வைக்கிற கம்பி எது வந்தாலும் இடுப்பை இறுக்கும். யாரும் பார்க்காமல் நாட்கணக்கில் வதைக்கும். அது குறிபார்ப்பதில்லை, தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு கருவியில் நான் தேடும் நயம் அத்தனைக்கும் நேர் எதிர் அது. சுருக்கு வைப்பதைத் தோட்டங்களில் அடியோடு நிறுத்தியே ஆக வேண்டும்.

மறுபடி ரிக்பிக்கு வருவோம். ஹைலண்ட் ஸ்டாக்கருக்கு வேறு கலிபர்களும் உண்டு. .308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. குட்டையான ரவை, எங்கும் கிடைக்கும், அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. .30-06 அமெரிக்கப் படையின் 1906ஆம் ஆண்டு ரவை என்பதைப் பெயரே சொல்லிவிடும். மானுக்கும் கரடிக்கும் ஒத்துப்போகும். 8x57 ஜெர்மன் படையின் பழைய ரவை. இவற்றில் என்னைக் கவர்வது 9.3x62. பெர்லின் துவக்குக் கைவினைஞர் ஒட்டோ பொக் 1905இல் ஆபிரிக்காவில் குடியேறிய ஜெர்மானியருக்காக வடிவமைத்தது. அவர்களால் விலையுயர்ந்த ஆங்கிலத் துவக்குகளை வாங்க முடியாது. அதனால் சாதாரண மவுசரிலேயே அடங்கும்படி, பதினெட்டரை கிராம் சன்னத்தை 62 மில்லிமீற்றர் கூட்டுக்குள் வைத்துக் கொடுத்தார். ஏழைக் குடியானவனுக்காக யோசித்த கைத்திறன் அது. எருமையும் சிங்கமும் உள்ள காட்டுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் சன்னத்தின் கனம் ஏறினால் தோளுக்கு வரும் உதைப்பும் ஏறும். உதைப்புக்கு அஞ்சுகிற விரல் விசையை இழுக்கும்போது வெடுக்கென்று அசையும். குறி அங்கேதான் தவறும். .275இன் உதைப்பு மென்மையானது. சுடுபவன் கண்ணை மூடிக்கொள்வதில்லை. சன்னம் போய்த் தைப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். நூறு வருடம் கழித்தும் ரிக்பி அதை விடாமல் வைத்திருப்பதற்கு அந்த மென்மை ஒன்றே போதும்.