நாணமும் பொறுப்பும்
(கோவலன் பாத்திரம் பற்றிய ஓர் ஆய்வு)

பிழை செய்தல் மக்கட்கு இயல்பு. செய்த பிழையைத் தன்னுடையதென ஏற்றுக்கொள்ளுதலோ அரிதிற் கைவரும் பண்பு. திருவள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் 44ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசனுக்குரியன கூறும் பகுதியில் வைத்தார். பிறரை ஆளும் தகுதி தன் குற்றத்தைக் காணும் ஆற்றலிலிருந்தே தொடங்குகின்றது என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். அறநூல் விதியாகக் கூறுவதனைக் காப்பியம் ஒரு மனிதனின் வாழ்விலே வைத்துக் காட்டும். அவ்வாறு காட்டப்பட்டவன் சிலப்பதிகாரத்துக் கோவலன்.

கோவலனைப் பற்றி இருவகைக் கருத்து நிலவுகின்றது. இன்பத்தில் திளைத்து முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்த உறுதியற்ற இளைஞன் அவன் என்பர் ஒருசாரார். ஊழ்வினையின் கையிற் சிக்கிய பாவை என்பர் மற்றொரு சாரார். முன்னையோர் அவன் தொடக்கத்தை மட்டும் நோக்கினர். பின்னையோர் அவன் முடிவை மட்டும் நோக்கினர். இரண்டுக்கும் இடையே, புகாரிலிருந்து மதுரை வரையுள்ள வழியில், அவன் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றத்தை இருசாராரும் நோக்கிற்றிலர். அம்மாற்றம் மூன்று படிகளில் நிகழ்கின்றது.

முதலாவது படி கனாத்திறம் உரைத்த காதையில் உள்ளது. கடற்கரையில் மாதவியோடு ஊடிப் பிரிந்த கோவலன், அவள் வசந்தமாலை வாயிலாக விடுத்த முதல் ஓலையை ஏற்க மறுத்த பின்னரே கண்ணகியின் மனைக்கு வருகின்றான். வந்தவன், வஞ்சம் நிறைந்த ஒருத்தியோடு கூடிக் குலத்தோர் தந்த பெரும்பொருளை இழந்தமை தனக்கு நாணம் தருகின்றது என்கின்றான். இக்கூற்றைக் கழிவிரக்கம் என்று கூறலாம். பொறுப்பேற்றல் என்று கூறல் ஒல்லாது. பழியின் பெரும்பகுதி மாதவியின் மேற் சுமத்தப்பட்டுள்ளது. இழந்ததாக அவன் எண்ணுவது பொருளையே. தன் எதிரே மெலிந்து நிற்கும் மனைவிக்குத் தான் இழைத்த தீங்கு அவன் சொல்லில் இடம் பெறவில்லை. அதனாலன்றோ, மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றி வருந்துகின்றான் எனக் கருதிக் கண்ணகி தன் சிலம்பைக் கொடுக்க முன்வருகின்றாள்!

நாணம் நல்லதொரு பண்பே. எனினும், பொறுப்போடு சேராத நாணம் பிறர் கண்ணுக்குத் தப்பி ஓட முயலும். கோவலனும் அவ்வாறே செய்தான். சிலம்பை முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்து இழந்த பொருளை மீட்கத் துணிந்தவன், தாய் தந்தையர்க்கும் சொல்லாமல், விடியுமுன் இருளிலே மனைவியை அழைத்துக்கொண்டு ஊரை நீங்கினான். பழைய பிழையைத் திருத்தப் புறப்பட்ட அக்கணத்திலேயே புதியதொரு பிழை பிறந்துவிட்டது. தன்னைத் தேடித் தவிக்கப்போகும் பெற்றோரை அவன் எண்ணவில்லை. அவர்கள் முகத்தில் விழிப்பதற்கே அவன் அஞ்சினான்.

இரண்டாவது படி புறஞ்சேரி இறுத்த காதையில் உள்ளது. வழியிடையே கோசிகன் என்னும் அந்தணன் மாதவியின் இரண்டாவது ஓலையைக் கொணர்ந்து, மைந்தனைப் பிரிந்த பெற்றோரின் துயரையும் மாதவியின் நோயையும் எடுத்துரைக்கின்றான். மாதவி அவ்வோலையில் தன் பெருமை பேசவில்லை. அவனைக் குறை கூறவும் இல்லை. பெற்றோர் அறியாமல், குலமகளோடு இரவிலே அவன் புறப்பட நேர்ந்ததற்குத் தான் செய்த பிழை யாதென அறியாமல் நெஞ்சம் கலங்குவதாகக் கூறி, மன்னிப்பு வேண்டுகின்றாள். பிழை குறைந்தவள் பிழை மிகுந்தவனிடம் மன்னிப்புக் கேட்கின்றாள். கோவலனின் கண்ணைத் திறந்தது இதுவே. குற்றம் அவளுடையதன்று, தன்னுடையதே என அவன் அவ்விடத்தில் உணர்கின்றான். பிறர்மேல் ஏற்றிய பழியை மீட்டுத் தன்மேல் வைத்துக்கொள்ளும் இவ்விடமே அவன் வாழ்வின் திருப்பம்.

அடுத்து அவன் செய்வது மேலும் கூர்ந்து நோக்கற்பாலது. அவ்வோலையின் வாசகம் தன் பெற்றோர்க்குத் தான் எழுதுவதற்கும் பொருந்துமாறு இருத்தலைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்துவிடுகின்றான். தன்னிடம் வந்த மன்னிப்பு வேண்டுகோளைத் தான் பிறரிடம் வேண்டவேண்டிய மன்னிப்பாக மாற்றிக்கொண்டமை இளங்கோவடிகளின் நுண்ணிய படைப்பு. ஆயினும் ஒன்று கூறாது விடுதல் நேர்மையன்று. மாதவிக்கு அவன் மறுமொழி விடுத்ததாகக் காப்பியம் கூறவில்லை. அவள் குற்றமற்றவள் என்று தெளிந்தவன், அத்தெளிவை அவளுக்கு அறிவிக்கவில்லை. கோவலனின் பொறுப்புணர்ச்சி முழுமை பெறாத இடம் இது; கடன்பட்டவன் ஒரு கடனைத் தீர்த்து மற்றொன்றை மறந்தது போன்றது.

மூன்றாவது படி கொலைக்களக் காதையில் உள்ளது. ஆயர்சேரியில் மாதரியின் ஆதரவில் கண்ணகி சமைத்த உணவை உண்டபின், கோவலன் அவளிடம் மனந்திறந்து பேசுகின்றான். இது மாயமோ, வல்வினையோ எனத் தொடங்குகின்றது அவன் பேச்சு. ஊழைக் காரணம் காட்டித் தப்பிக்கொள்ள விரும்புவோன் அவ்வினாவோடு நின்றிருப்பான். கோவலன் நிற்கவில்லை. பயனில்லாத சொல் பேசும் தீயோர் கூட்டத்திற் சேர்ந்தமை, பெற்றோர்க்குச் செய்யவேண்டிய பணியில் தவறியமை, இளமையிலேயே அறிவு முதிர்ந்த மனைவிக்குச் சிறுமை செய்தமை, அவளையும் இவ்வழிக்கு அழைத்து வந்தமை ஆகியவற்றைத் தன்மேல் வைத்தே ஒவ்வொன்றாகக் கூறுகின்றான். இவ்விடத்து மாதவியின் பெயர் இல்லை. இழந்த பொருளைப் பற்றிய கவலையும் இல்லை. தன் பிழையால் வருந்தினோர் யாவர் என்பதே அவன் நினைவில் நிற்கின்றது.

இதற்குக் கண்ணகி கூறும் விடை பலரும் பொருட்படுத்தாத ஒன்று. நீர் செய்தது பிழையன்று என அவள் ஆறுதல் கூறவில்லை. விருந்தினரையும் அறவோரையும் பேணும் இல்லறக் கடமையைத் தான் இழந்ததனையும், மாமனும் மாமியும் தன் பொய்ம்முறுவலுக்குள் மறைந்த துயரத்தைக் கண்டு உளம் நொந்ததனையும் கூறி, அவன் ஒழுக்கம் போற்றத் தகாதது என்றே உரைக்கின்றாள். இதற்கு முன் கணவனின் குறையை அவன் முன்னிலையில் அவள் எடுத்துரைத்தது இல்லை. பிழை செய்தவன் அதனை ஒப்புக்கொண்ட பின்னரே பிழைக்கு உள்ளானவள் உண்மையைப் பேச வாய் திறக்கின்றாள். கோவலனும் அக்கடுஞ்சொல்லை வெறாது, சுற்றத்தைத் துறந்து தன்னோடு வந்த அவள் பெருமையைப் போற்றுகின்றான். அவ்விருவரும் கணவனும் மனைவியுமாக உண்மையிற் கூடியது அந்தச் சிறுபொழுதிலேதான் எனலாம்.

அடைக்கலக் காதையில் மாடலன் கூறும் கோவலனின் பழைய நற்செயல்கள் இவ்விடத்தில் புதிய பொருள் பெறுகின்றன. கீரியைக் கொன்ற பார்ப்பனியின் பாவம் நீங்கத் தானம் செய்து, பிரிந்த கணவனோடு அவளைச் சேர்த்தவன் அவன். பொய்ச்சான்று கூறிப் பூதத்தின் பாசத்திற் சிக்கியவனுக்காகத் தன் உயிரையே கொடுக்க முன்வந்தவனும் அவனே. பிறர் பிழைக்குப் பொருளும் உயிரும் கொடுக்க அஞ்சாதவன், தன் பிழையைத் தன்னதெனக் கூற நெடுங்காலம் சென்றது. கொடை உள்ளத்தினும் தன்னை அறியும் உள்ளம் அரிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கோவலன் நெடுவழி நடந்து அடைந்த நிலையைப் பாண்டியன் நெடுஞ்செழியன் ஒரு கணத்தில் அடைகின்றான். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று எனத் தொடக்கத்தில் விடை கூறிய அவன், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் எனக் கண்ணகி கூறியவுடன், தன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்தெனத் தானே வெளிப்படுத்திச் சிலம்பைக் கொணரச் செய்கின்றான். மணி தெறித்தபின், பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்கின்றான். பொற்கொல்லனை அவன் குறிப்பிட்டது பழியை அவன்மேல் தள்ளுதற்கன்று. ஆராயாது கேட்ட தன் செவியைக் குற்றஞ்சாட்டுதற்கே. அவன் உயிர் நீங்கியமை வளைந்த கோலை நிமிர்த்தியது எனச் சேரன் செங்குட்டுவன் வஞ்சிக் காண்டத்திற் கூறுவதும் இதுபற்றியே.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு செயல் உரைபெறு கட்டுரையில் உள்ளது. நாடு மழையின்றி வறுமையும் நோயும் உற்றபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் 1000 பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்றும், அதன்பின் மழை பெய்தது என்றும் அது கூறும். நூல் அதனைப் பழிக்கவில்லை. எனினும், தன் பிழைக்குத் தன் உயிரையே கொடுத்த அரசனையும், ஒருவன் பிழைக்கு ஒரு கூட்டத்தையே அழித்த அரசனையும் அடுத்தடுத்து நோக்குவோர், எச்செயல் அறத்தின்பாற்பட்டது எனத் தாமே உணர்வர்.

பிழையை ஏற்றுக்கொண்டமை கோவலனைக் காப்பாற்றவில்லையே என்னும் ஐயம் எழலாம். உண்மையே. மனந்திறந்து பேசிய அதே நாளில் ஒற்றைச் சிலம்போடு சென்ற அவன் வாளுக்கு இரையானான். செய்த வினையின் பயனைப் பொறுப்பேற்றலால் விலக்கிவிட முடியும் என இளங்கோவடிகள் கூறவில்லை. ஊழ் தொடரும் என்பது நூலின் உறுதிப்பாடு. எனினும் ஊழைப் பற்றிப் பேசுவோன் பெரும்பாலும் கவிஞனே. கோவலனும் பாண்டியனும் தம் இறுதியில் தம்மையே பேசினர். வருவது எதுவாயினும் அதனை எந்த நிலையில் நின்று எதிர்கொள்வது என்பது மனிதன் கையில் உள்ளது. புகாரிலிருந்து இருளில் ஒளிந்து புறப்பட்டவன், மதுரையில் மனைவியின் முகத்தை நேரே நோக்கி விடைபெற்றுச் சென்றான். இவ்விரு புறப்பாட்டுக்கும் இடையே உள்ள தூரமே கோவலன் அடைந்த வளர்ச்சி.