நீலகேசியின் விடை

மதத்தை விட்டுப் போனவரின் கண்டனம் அயலாருடையதைவிட ஆழமாகத் தைக்கும்; வீட்டின் ஓட்டை உடைசல் அவருக்குத் தெரியுமல்லவா? பௌத்தக் கதையின் குண்டலகேசி, சாரிபுத்தரிடம் வாதில் தோற்றுச் சமணத்தை விட்டவள். அவள் பெயரால் எழுந்த காப்பியத்துக்குச் சமணர் தந்த விடை, 1936இல் சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த நீலகேசி.

அதில் நீலகேசி, குண்டலகேசி முதலாகப் பலரையும் வாதில் வெல்கிறாள். கதை எழுதுகிறவனுக்கு அந்த வெற்றிகள் பெரிதாகப் படவில்லை. தொடக்கத்தில் அவள் பேய். முனிச்சந்திரரை அச்சுறுத்துகிறாள், அழகியாக வந்து மயக்கப் பார்க்கிறாள். அவர் அசையவில்லை. பிறகுதான் அறம் உரைக்கிறார், பேய் மாணாக்கியாகிறது. நூலின் உண்மையான விடை இதுவே.

குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் பலவற்றின் தொடக்கச் சொற்கள் எதிரி நூலின் உரையில் பிழைத்திருக்கின்றன. உத்திரமேரூரிலிருந்து காஞ்சி போகிறவர்கள் திருப்பருத்திக்குன்றத்தையும் பார்த்து வரலாம். வாது ஓய்ந்துவிட்டது, சமணர் வழிபாடு அங்கே ஓயவில்லை.