வேலையோடு போகும் வீடு

சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். இருநூறு ஆண்டுகளாக அந்தக் காபியைப் பறித்துவரும் மக்கள் குடியிருக்கும் லைன் வீடு யாருடைய பாதுகாப்பில் இருக்கிறது? ஏற்காட்டில், தலைச்சோலைப் பக்கத்தில் நின்று நம் வாடகைச் சட்டத்தை இப்படித்தான் சோதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், நியாய வாடகை எவ்வளவு என்று அதிகாரி முன் கேட்க முடிந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. நல்ல பிரிவுகளும் இதில் உண்டு. குடியிருப்பவரை விரட்டுவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது என்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் அந்த வரம்பு பொருந்தாது என்று தானே கதவைத் திறந்தும் விடுகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே காலி செய்வதற்கு ஒரு காரணமாக்கியிருப்பது இன்னும் மோசம். எழுதித்தர மறுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். தண்டனை மட்டும் குடித்தனக்காரருக்கு.

லைன் வீட்டுக்கு இந்த அரைகுறைக் காவலும் கிடையாது. நிறுவனம் தன் பணியாளருக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தரும் வீடுகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது. அவர்களுக்கென்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு கட்டித்தருவது முதலாளியின் கடமை என்று எழுதியது. வீட்டை ஒட்டிக் காய்கறி போட நிலம் ஒதுக்குவதைப் பற்றிக்கூட யோசித்தது. அது பெரிய காரியம்தான். ஆனால் வீட்டை வேலையோடு முடிச்சுப் போட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. கூரை தங்க வேண்டுமென்றால் மகனோ மருமகளோ அதே எஸ்டேட்டில் பேர் பதிய வேண்டும்.

மாஞ்சோலை எஸ்டேட்டில் இதன் முழு விலை தெரிந்தது. 1929இல் குத்தகைக்கு எடுத்த மலையிலிருந்து பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் வெளியேறியபோது, 2024இல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யச் சொன்னது. தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் உயர் நீதிமன்றத்தில் தடை கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

எஸ்டேட்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஓய்வு பெற்றவர் வீட்டை விடாவிட்டால் புதிதாக வேலைக்கு வருபவர் எங்கே தங்குவார்? காபி விலை ஏறி இறங்கும்போது புதிய வீடு கட்டுவதும் எளிதல்ல. ஆனால் கெடு வைக்கவும் விசாரணை நடத்தவும் வேண்டும் என்பதற்குத்தான் இந்த வாதம் போதும். ஒருவரை எந்தக் காவலும் இல்லாமல் வெளியே நிறுத்துவதற்குப் போதாது.

ஆகவே என் தீர்ப்பு: 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூலிக்கு வாழ்பவரின் அளவில் தோற்ற சட்டம். பணியாளர் வீடுகளுக்கு அது தரும் விலக்கை முழுதாக நீக்க வேண்டியதில்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது என்ற பிரிவையும், வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் வெளியேற்றக்கூடாது என்ற பிரிவையும் லைன் வீட்டுக்கும் நீட்ட வேண்டும். ஓய்வு பெறும் தொழிலாளிக்குக் கீழே ஊரில் மனைப்பட்டா கிடைக்கும்வரை அந்த வீட்டுச் சாவி அவர் கையிலேயே இருக்கட்டும்.