'பாரதமாதா' ஓவியத்தின் குறிப்புப்பொருள்

ஓவியத்தின் பெயரே அதன் பொருளை முற்றும் உணர்த்தும் எனக் கொள்வார் உளர். அபனீந்திரநாத தாகூர் 1905-இல் தீட்டிய 'பாரதமாதா' அக்கொள்கையை மறுக்கும் தக்க சான்றாகும்.

வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி உணர்ச்சியே இவ்வோவியத்திற்கு வித்து. ஓவியர் முதற்கண் கருதியது 'வங்கமாதா'. இன்றைய பெயர் பின்னர் அமைந்ததே. காவியுடுத்த இளம்பெண் ஒருத்தி துறவிபோல் நிற்கின்றாள். அவள்தன் நான்கு கைகளில் ஏடு, செபமாலை, நெற்கதிர், வெண்துகில் ஆகியன உள. இவை முறையே கல்வி, தவம், உணவு, உடை என்பவற்றைக் குறிப்பன.

இவற்றுள் ஏடும் மாலையும் கலைமகட்கும் உரியன. ஆதலின் மரபு தந்தவை. நெல்லும் துகிலும் அவள் கையில் இல்லாதன. அயல்நாட்டுத் துணியை விலக்குக என்னும் குரல் ஓங்கிய காலத்தில், தாய் தன் கையால் துகில் நல்குகின்றாள். ஓவியரின் காலம் பேசுவது இத்துகிலிலேயாம்.

பெயர் மாறியும் ஓவியம் பொருந்தி நிற்பது எங்ஙனம்? மங்கிய வண்ணப் பின்புலத்தில் ஊரோ எல்லையோ காட்டப்பெறவில்லை. ஆதலின் வங்கத்தாய் பாரதத்தாய் ஆதல் எளிதாயிற்று. எனினும், வங்கத்தின் உயிர்ப்பயிராகிய நெல் முதற்பெயரை இன்றும் நினைவூட்டுகின்றது.

பிற்காலப் படங்களிற் காணும் சிங்கம், கொடி, நிலப்படம் ஆகியன இதன்கண் இல்லை. அவற்றின் வீறார்ந்த பொருளை இதன்மேல் ஏற்றியுரைப்பது பிழையாம். இத்தாய் போருக்கு அழைப்பவள் அல்லள். வாழ்வுக்கு வேண்டுவன வழங்குபவள்.