நெகட்டிவ்வும் கோப்பும்

பிலிமில் எடுத்த படமே மெய்யானது, டிஜிட்டல் படம் கணினியின் கைவேலை என்று ராயப்பேட்டைப் பெரியவர்கள் பழைய திருமண ஆல்பங்களைக் காட்டிச் சொல்லக் கேட்கிறோம். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையையும் தஞ்சையையும் காகித நெகட்டிவ்களில் பதிவுசெய்தார். வெறுமையாய்ப் பதிந்த வானத்தில், நெகட்டிவ்வின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். திருத்தும் கை அன்றே இருந்தது.

ஆகவே வேறுபாடு மெய் பொய்யில் இல்லை, நிலைத்திருப்பதில் உள்ளது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியிலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து டிரைப் இணைத்த நீள்படம் இன்றும் இருக்கிறது. அதைக் காணக் கண்ணும் வெளிச்சமும் போதும். டிஜிட்டல் கோப்புக்கோ கருவி, மென்பொருள், மின்சாரம் மூன்றும் வேண்டும். மறுபுறம், நெகட்டிவ் ஒன்றே. ஈரமும் பூஞ்சையும் பற்றினால் மீளாது. கோப்பை எத்தனை முறை நகலெடுத்தாலும் தேய்வதில்லை. டிஜிட்டலின் இந்த நன்மையை மறுப்பது நேர்மையன்று.

ஆனால் நகலெடுக்க ஒருவர் முன்வர வேண்டுமே! 1876 முதல் ஆர்க்காட்டு இளவரசரின் இல்லமாக விளங்கும் அமீர் மகாலின் முகப்பைக் கைபேசியில் நூறு முறை எடுக்கிறோம். ஒன்றையேனும் ஆண்டு குறித்து அச்சிட்டு வைக்கிறோமா? பிலிம் சுருளின் 36 படங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் இருந்தது. அக்கட்டாயம் நீங்கியபின், தேர்ந்தெடுப்பதும் பெயரெழுதிப் பேணுவதும் நம் கடமையாகிவிட்டன. அதைச் செய்யாவிடில், நம் பேரர்களுக்குத் தாத்தாவின் ஆல்பம் இருக்கும், நம்முடையது இராது.